எண்ணெய்க் கிணற்றுக்குக் கேசிங் பைப் அளவைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேசிங் என்பது துளையின் சுவரை மூட இறக்கும் எஃகுக் குழாய். இங்கே சொல்லியிருப்பவை கரையில் துளைக்கப்படும், செங்குத்தான அல்லது கொஞ்சம் சாய்ந்த கிணறுகளுக்கானவை. ஆழம் மீட்டரில், விட்டம் இன்ச்சில், பைப்பின் எடை அடிக்கு இத்தனை பவுண்ட் என்று, அழுத்தம் பி.எஸ்.ஐ.யில் (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்ட்), மட்டின் (துளைக்கும்போது கிணற்றில் சுற்றிவரும் சேற்றுத் திரவம்) எடை தண்ணீரை 1 என்று வைத்த ஒப்படர்த்தியில். இந்திய ரிக்குகளில் இந்தக் கதம்பக் கணக்குதான் புழங்குகிறது. நாமும் அதையே வைத்துக்கொள்வோம். மட்டின் ஒப்படர்த்தியையும் ஆழத்தையும் பெருக்கி, அதை 1.42 ஆல் பெருக்கினால் அழுத்தம் பி.எஸ்.ஐ.யில் கிடைக்கும். இந்த ஒரு வாய்ப்பாடு போதும்.

கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கிணறு: ஆழம் 3,000 மீட்டர், அடியில் எரிவாயு, பாறை அழுத்தம் 1.25 ஒப்படர்த்திக்குச் சமம், அந்தப் பகுதியைத் துளைக்க மட் 1.32. இது கணக்குக்காக வைத்த கிணறு. எந்த வயலிலும் இருக்கும் கிணறு அல்ல.

ஒரே அளவு பைப்பை மேலிருந்து கீழ்வரை இறக்கினால் என்ன?

ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தை அடக்க மட் கனமாக இருக்க வேண்டும். அந்தக் கனமான மட்டை மேலே உள்ள இளகிய மணலும் களிமண்ணும் தாங்காது; பாறை பிளந்து மட் உள்ளே ஓடிவிடும். ஆகவே மேல்பகுதியைப் பைப்பால் மூடி, பைப்புக்கு வெளியே சிமெண்ட் போட்டுவிட்டு, அதற்குள் நுழையும் சின்ன பிட்டால் (துளைக்கும் முனை) அடுத்த பகுதியைத் துளைக்கிறோம். ஒவ்வொரு முறை மூடும்போதும் துளை ஒரு சுற்று சிறுக்கும். மொத்தத் தேர்வும் இந்தச் சிறுக்கும் கணக்குதான்.

மேலிருந்து கணக்குப் போடுவதா, கீழிருந்தா?

கீழிருந்து. முதல் கேள்வி, உற்பத்திக்கு எந்த அளவு டியூபிங் (எண்ணெயோ எரிவாயுவோ மேலே வரும் உட்குழாய்) வேண்டும் என்பது. அதற்கு இடம் கொடுக்கும் கேசிங் எது, அந்தக் கேசிங் இறங்கத் துளை எவ்வளவு, அந்தத் துளையைப் போடும் பிட் நுழைய மேலே எந்தக் கேசிங் என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். 'ஸ்டோரில் 13⅜ கிடக்கிறது, அதிலிருந்து ஆரம்பிப்போம்' என்று மேலிருந்து இறங்கியவர்கள் கடைசியில் 4½ இன்ச்சுக்குள் மாட்டிக்கொள்வார்கள்.

டியூபிங்கைப் பொறுத்தவரை ஒரு விஷயம் பலருக்குத் தவறுகிறது. 3½ இன்ச் டியூபிங்கின் வெளித்தடிப்பு கப்ளிங் (இரண்டு பைப்பை இணைக்கும் வளையம்) 4.500 இன்ச். அடிக்கு 17 பவுண்ட் உள்ள 5½ இன்ச் கேசிங்கின் ட்ரிஃப்ட் (உள்ளே தடையில்லாமல் போகும் விட்டம்) 4.767. உள்ளே போகிறதே என்று தோன்றும். ஆனால் டியூபிங் உள்ளே அறுந்து விழுந்தால், கப்ளிங்கை வெளியிலிருந்து கவ்வும் ஓவர்ஷாட் நுழைய அந்த மீதி இடம் போதாது. 3½ டியூபிங் வேண்டுமென்றால் 7 இன்ச் கேசிங், 5½ கேசிங் என்றால் 2⅞ டியூபிங்கோடு (கப்ளிங் 3.668) நிறுத்திக்கொள்வது நல்லது.

நாளைக்கு மின்சார நீர்மூழ்கிப் பம்ப் இறக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 4.56 இன்ச் மோட்டார், 17 பவுண்ட் 5½-க்குள் போகும். 20 பவுண்டில் (4.653) உரசிக்கொண்டு போகும். 23 பவுண்டில் (4.545) போகவே போகாது.

வழக்கமான அளவு வரிசை எது?

உலகமெங்கும் அதிகம் புழங்குவது இது:

26 இன்ச் துளையில் 20 இன்ச் கேசிங்
17½ துளையில் 13⅜
12¼ துளையில் 9⅝
8½ துளையில் 7
6 இன்ச்சை ஒட்டிய துளையில் 5 அல்லது 4½ இன்ச் லைனர் (தரை வரை வராமல் மேல் கேசிங்குக்குள் தொங்கும் கேசிங்)

அழுத்தம் எல்லாம் தெரிந்துவிட்ட வயலில், அடுத்தடுத்த வளர்ச்சிக் கிணறுகளுக்கு 13⅜, 9⅝, 5½ என்று மூன்றோடு முடித்துவிடலாம். அப்போது 5½ போவது 8½ துளையில். இடம் தாராளம், சிமெண்ட் நன்றாக உட்காரும். புது இடத்தில் முதல் கிணறு என்றால் ஒரு அளவைக் கையிருப்பாக விட்டு வையுங்கள். எதிர்பாராத அழுத்தம் வந்தால் ஒரு கேசிங்கை முன்கூட்டியே இறக்கிவிட்டு, 7 இன்ச்சுக்குக் கீழே லைனரோடு இலக்கை எட்ட வழி இருக்க வேண்டும்.

ஒரே 9⅝ இன்ச்சில் ஏன் இத்தனை எடை? எதை வாங்கினாலும் 9⅝ தானே?

கேசிங்கின் பெயரில் இருப்பது வெளி விட்டம். எடை கூடினால் சுவர் உள்நோக்கித்தான் தடிக்கும், பிட் போகும் வழி குறையும். அதனால் பெயரை வைத்து ஆர்டர் போடாமல் ட்ரிஃப்ட் விட்டத்தை வைத்துப் போட வேண்டும். ட்ரிஃப்ட் என்பது அந்தப் பைப்புக்குள் தடையில்லாமல் போகும் என்று அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 5சிடி தரநிலை உறுதிசெய்யும் விட்டம். 9⅝-க்குக் குறைந்த கேசிங்கில் உள் விட்டத்திலிருந்து ⅛ இன்ச் கழிக்க வேண்டும். 9⅝ முதல் 13⅜ வரை 5/32. 16-உம் அதற்கு மேலும் 3/16.

9⅝-இல் 40 பவுண்ட் பைப்பின் ட்ரிஃப்ட் 8.679 இன்ச். 43.5 பவுண்டில் 8.599. 47 பவுண்டில் 8.525. இந்த மூன்றிலும் 8½ பிட் போகும். 53.5 பவுண்டில் 8.379 ஆகிவிடும், 8½ பிட்டுக்கு உத்தரவாதம் இல்லை. 8⅜ பிட் எடுக்க வேண்டும், அல்லது 8.500-க்குச் சோதித்த 'ஸ்பெஷல் ட்ரிஃப்ட்' பைப் என்று ஆர்டரிலேயே எழுத வேண்டும்.

13⅜-இலும் அதே கதை. 68 பவுண்டில் 12.259 இருப்பதால் 12¼ பிட் இன்ச்சில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு இடைவெளியில் நுழைந்துவிடும். 72 பவுண்டில் 12.191, நுழையாது. 'வலுவாக இருக்கட்டும்' என்று கடைசி நேரத்தில் 68-ஐ 72 ஆக மாற்றிவிட்டு, கேசிங் இறங்கி சிமெண்ட்டும் இறுகிய பிறகு பிட் போகாமல் நிற்பது இப்படித்தான் நடக்கிறது.

7 இன்ச்சில் 23 பவுண்ட் என்றால் 6.241, 6¼ பிட் மயிரிழையில் தவறும், 6⅛ எடுக்க வேண்டும். 26 பவுண்டில் 6.151, அதே 6⅛. 29 பவுண்டில் 6.059, பிட் 6. 32 பவுண்டில் 5.969, பிட் 5⅞.

ட்ரிஃப்ட் சோதனையை ஆலையில் செய்திருப்பார்களே, ரிக்கிலும் வேண்டுமா?

வேண்டும். லாரியில் அடிபட்ட பைப், தூக்கும்போது நசுங்கிய முனை, உள்ளே விட்டுப்போன கந்தல் துணி, ஏன் குளவிக் கூடுகூட இருக்கும். ரேக்கில் கிடக்கும்போதே ஒவ்வொரு பைப்பிலும் மாண்ட்ரலை (ட்ரிஃப்ட் விட்டமுள்ள சோதனை உருளை) விட்டு எடுங்கள். 9⅝-க்குக் குறைந்த அளவுகளுக்கு 6 இன்ச் நீள மாண்ட்ரல், 9⅝-உம் அதற்கு மேலும் 12 இன்ச். ஸ்பெஷல் ட்ரிஃப்ட் பைப்புக்கு அந்த விட்டத்துக்கான மாண்ட்ரலே வேண்டும். வழக்கமான மாண்ட்ரல் போய்விட்டது என்பதால் பிட்டும் போகும் என்று பொருள் இல்லை. தடைபட்ட பைப்பில் வெள்ளைப் பெயிண்ட்டால் பெருக்கல் குறி போட்டுத் தனியே ஒதுக்குங்கள்.

துளைக்கும் கேசிங்குக்கும் இடையே எவ்வளவு இடம் வேண்டும்?

பைப்பின் உடலைப் பார்க்காதீர்கள், கப்ளிங்கைப் பாருங்கள். 13⅜-க்குக் கப்ளிங் 14.375, 17½ துளையில் இரு பக்கமும் சேர்த்து 3 இன்ச்சுக்கு மேல் இடம். 9⅝-க்கு 10.625; 12¼ துளையில் 1.6 இன்ச். 7-க்கு 7.656; 8½ துளையில் இரு பக்கமும் சேர்த்தே 0.84 இன்ச்தான், பக்கத்துக்கு 0.42.

அதனால் 8½ துளையில் 7 இன்ச் இறக்குவதுதான் இந்த வரிசையின் நெருக்கமான கண்ணி. வேகமாக இறக்கினால் மட் மேலே வர வழியில்லாமல் அழுத்தம் ஏறி அடிப்பாறையைப் பிளக்கும். களிமண் வீங்கினால் பைப் சிக்கும். வளைய இடைவெளியின் கொள்ளளவு மீட்டருக்கு 11.8 லிட்டர்தான் என்பதால், துளை கொஞ்சம் பெருத்திருந்தால்கூட சிமெண்ட் எவ்வளவு உயரம் ஏறும் என்ற கணக்கு பெரிதாகத் தவறும். காலிப்பர் லாக் (துளையின் உண்மையான விட்டத்தை அளக்கும் பதிவு) எடுக்காமல் இந்தப் பகுதிக்குச் சிமெண்ட் அளவு முடிவு செய்யக் கூடாது.

எந்த ஆழத்தில் ஒரு கேசிங்கை நிறுத்துவது?

இரண்டு கோடுகள் வரைய வேண்டும். ஒன்று, ஆழத்துக்கு ஆழம் பாறைத் துளைகளில் உள்ள அழுத்தம். மற்றது, பாறை பிளக்கும் அழுத்தம். இரண்டையும் ஒப்படர்த்தியில் எழுதினால் நடுவில் ஒரு சந்து தெரியும். மட் எடை அந்தச் சந்துக்குள்தான் இருக்க வேண்டும். அடியிலிருந்து ஆரம்பியுங்கள். 3,000 மீட்டரில் 1.32 மட் வேண்டும். அந்த 1.32-ஐயும், மட் ஓடும்போது ஏறும் அழுத்தத்தையும், ஒரு கிக் (பாறையிலிருந்து எரிவாயு கிணற்றுக்குள் பாய்வது) வந்தால் ஏறுவதையும் தாங்கும் பாறை எந்த ஆழத்துக்குக் கீழே கிடைக்கிறதோ அங்கே 9⅝ ஷூ (கேசிங்கின் அடிமுனை). நம் கிணற்றில் 1,900 மீட்டரில் பாறை 1.65 தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு அந்த 1,900 வரை துளைக்கும் 1.20 மட்டை எது தாங்கும் என்று மேலே போனால், 1.50 தாங்கும் 500 மீட்டரில் 13⅜ ஷூ. 20 இன்ச், மேல்மண் சரியாமல் இருக்க 100 மீட்டருக்குள்.

ஷூவை நிறுத்தும் இடத்தில் மணல் வேண்டாம், கெட்டியான ஷேல் (களிப்பாறை) வேண்டும். கணக்கில் வந்த ஆழத்தில் மணல் இருந்தால் பத்திருபது மீட்டர் தாண்டிப் போய் ஷேலில் நிறுத்துங்கள். சிமெண்ட்டைத் துளைத்து வெளியேறியதும் லீக்-ஆஃப் சோதனை (பாறை விட்டுக்கொடுக்கும் வரை அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது) செய்து 1.65 என்பதை உறுதிசெய்யாமல் முன்னேறக் கூடாது. அதுவரை அது வெறும் ஊகம்.

கிக் டாலரன்ஸ் என்கிறார்களே, அது அளவுத் தேர்வில் எங்கே வருகிறது?

எவ்வளவு பெரிய கிக் வந்தாலும் ஷூவில் பாறை பிளக்காது என்பதே அது. மேலே சொன்ன 1,900 மீட்டர் சரியா என்று உரைத்துப் பார்ப்பதில் அது வருகிறது. அடியில் பாறை அழுத்தம் நாம் நினைத்த 1.25 இல்லை, 1.38 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.32 மட்டை மீறி எரிவாயு நுழையும். அதன் மேல் முனை ஷூவுக்கு வரும்போது பாறை பிளக்காமல் இருக்க, எரிவாயுத் தம்பத்தின் உயரம் சுமார் 410 மீட்டரைத் தாண்டக் கூடாது. 8½ துளைக்கும் 5 இன்ச் ட்ரில் பைப்புக்கும் இடையே மீட்டருக்கு 0.15 பேரல், ஆக ஷூவில் 62 பேரல். அழுத்தம் கூடிய அடியில் அது ஏறத்தாழ 47 பேரலாகச் சுருங்கும். 47 பேரல் ஏறும் முன் ஆட்கள் கிணற்றை மூடிவிடுவார்கள் என்றால் 1,900 போதும். எரிவாயு அடியில் தடித்த டிரில் காலரைச் சுற்றி நிற்கும்போது அங்கே வளைய இடைவெளி குறுகலாக இருக்கும், தம்பம் உயரும்; அதையும் தனியே பார்க்க வேண்டும். விடை பத்து பேரல் என்று வந்தால் பைப்பின் கிரேடை ஏற்றிப் பயனில்லை, ஷூவை ஆழப்படுத்துங்கள்.

கே55, எல்80, பி110: இந்த எழுத்தும் எண்ணும் எதைச் சொல்கின்றன?

எண், குறைந்தபட்ச ஈல்டு வலிமை (எஃகு நிரந்தரமாக நெளியத் தொடங்கும் அளவு), ஆயிரம் பி.எஸ்.ஐ.யில். எல்80 என்றால் 80,000. எழுத்து, இரசாயனக் கூறும் வெப்பப் பதமும் வேறு என்பதற்கான அடையாளம். பைப்பில் பூசிய வண்ணப் பட்டையும் அதையே சொல்லும்: ஜே55-க்கு ஒரு பச்சை, கே55-க்கு இரண்டு பச்சை, என்80 முதல் வகைக்கு ஒரு சிவப்பு, எல்80-க்குச் சிவப்பும் பழுப்பும், பி110-க்கு வெள்ளை. வெயிலில் வெளுத்த பட்டையை நம்பாமல் ஸ்டென்சிலைப் படியுங்கள்.

ஜே55-க்கும் கே55-க்கும் என்ன வித்தியாசம்?

ஈல்டு ஒன்றே. அறுபடும் வலிமை ஜே55-இல் 75,000, கே55-இல் 95,000 பி.எஸ்.ஐ. வெடிப்பு, நசுங்கல் மதிப்புகள் ஒன்றுதான். மரை இணைப்பு இழுவிசையைத் தாங்குவதில்தான் கே55 முந்தும்.

என்80 மலிவாகக் கிடைக்கும்போது எல்80 எதற்கு?

ஹைட்ரஜன் சல்ஃபைடுக்காக. அந்த வாயு இருக்கும் இடத்தில் கடினமான எஃகு, ஈல்டுக்கு வெகு கீழேயே, முன்னறிவிப்பு இல்லாமல் விரிசல் விட்டு உடையும். எல்80-இல் கடினத்தன்மை 23 ராக்வெல் சி-யைத் தாண்டக் கூடாது, ஈல்டுக்கு 95,000 என்று மேல் வரம்பும் உண்டு. என்80-இல் ஈல்டு 110,000 வரை போகலாம், கடினத்துக்கு அப்படி ஒரு வேலி இல்லை. வாயுக் கலவையில் ஹைட்ரஜன் சல்ஃபைடின் பகுதி அழுத்தம் 0.05 பி.எஸ்.ஐ.யை எட்டினாலே நேஸ் எம்ஆர்0175 (இந்த வாயு உள்ள இடத்தில் எந்த உலோகம் போடலாம் என்ற தரநிலை) விதிகளைப் பார்க்க வேண்டும். 5,325 பி.எஸ்.ஐ. உள்ள நம் கிணற்றில் அது பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கும் குறைவு. இவ்வளவு சிறிய அளவேகூட எஃகுக்கு அதிகம்.

ஒரு முரண் உண்டு. சூடான இடத்தில் இந்த ஆபத்து குறையும். அதனால் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் எப்போதும் இருக்கும் ஆழத்தில் பி110-ஐ அனுமதிக்கிறார்கள். தரைக்கு அருகில், குளிர்ந்த மேல்பகுதியில் கூடாது. கார்பன் டைஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்தால் பிரச்சினை வேறு, அரிப்பு. அங்கே 13 குரோம் எல்80.

உள்ளழுத்தத்தில் வெடிக்காமல் இருக்கக் கணக்கு எப்படி?

சூத்திரம் எளிது: 0.875 × 2 × ஈல்டு × சுவர்த் தடிமன் ÷ வெளி விட்டம். 0.875 எதற்கு என்றால், சுவர் பன்னிரண்டரை சதவீதம் வரை மெலிந்திருக்க ஏபிஐ அனுமதிக்கிறது. 7 இன்ச், 29 பவுண்ட், எல்80: சுவர் 0.408, விடை 8,160 பி.எஸ்.ஐ.

சூத்திரத்தை யாரும் போட்டுவிடுவார்கள். எந்தச் சுமையை எதிர்பார்ப்பது என்பதுதான் வேலை. 9⅝-க்கு வருவோம். 8½ துளையில் கிக் வந்து கிணறு முழுக்க எரிவாயு ஆகிவிட்டது என்று வையுங்கள். அடியில் 1.42 × 1.25 × 3,000 = 5,325 பி.எஸ்.ஐ. எரிவாயுத் தம்பம் மீட்டருக்கு 0.328 பி.எஸ்.ஐ. கழிக்கும் என்றால் தரையில் 4,341. ஆனால் அந்த நிலையில் ஷூவில் 4,964 ஆகிறது. அங்கே பாறை 4,452-இலேயே பிளந்துவிடும். பாறைதான் முதலில் விட்டுக்கொடுக்கும். ஆகவே தரையில் வரக்கூடிய உச்சம் 4,452-இல் 623 கழித்து 3,829.

இப்போது பைப்பைப் பாருங்கள். 36 பவுண்ட் கே55 தாங்குவது 3,520, தோல்வி. 40 பவுண்ட் கே55, 3,950. மூன்று சதவீத மிச்சம், 1.1 என்ற பாதுகாப்புக் காரணியைக்கூட எட்டாது. 40 பவுண்ட் எல்80, 5,750, காரணி 1.5. இதுதான் தேர்வு. ட்ரிஃப்டும் 8.679, பிட் தாராளமாகப் போகும்.

13⅜-க்கு இதே கணக்கில் தரையில் 901 பி.எஸ்.ஐ.தான் வரும். 54.5 பவுண்ட் கே55 தாங்குவது 2,730. இங்கே கிரேடை ஏற்றுவது காசைக் கிணற்றில் போடுவது.

7 இன்ச் உற்பத்திக் கேசிங்குக்கு வேறு சுமை: தரைக்கு அருகே டியூபிங் ஓட்டையாகி, 4,341 பி.எஸ்.ஐ. அப்படியே பேக்கர் (டியூபிங்குக்கும் கேசிங்குக்கும் இடையே அடியில் அடைக்கும் கருவி) திரவத்தின் மேல் ஏறி உட்காரும். 2,900 மீட்டரில் பேக்கர், திரவம் 1.05 என்றால் அங்கே உள்ளே 8,665. வெளியே உப்புநீர் தரும் எதிரழுத்தம் 4,241, நிகரம் 4,424. அதிகச் சுமை தரையில் அல்ல, அடியில் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். வெளியில் எதிரழுத்தமே இல்லை என்று எடுத்துக்கொண்டு கனமான பைப்பை வாங்குபவர்களும் உண்டு.

நசுங்குவதற்கு?

இங்கேதான் 7 இன்ச்சின் எடை முடிவாகிறது. எரிவாயு தீர்ந்துபோன காலத்தில் கேசிங் உள்ளே காலி, வெளியே இறக்கியபோது இருந்த 1.32 மட் என்று வைப்பது உற்பத்திக் கேசிங்குக்கு நியாயமான கடுமை. 3,000 மீட்டரில் 5,623 பி.எஸ்.ஐ. எல்80-இல் 26 பவுண்ட் பைப் 5,410 தாங்கும், நசுங்கிவிடும். 29 பவுண்ட் சுமார் 7,020, காரணி 1.25. வெடிப்புக்கு 26 பவுண்டே தாராளமாகப் போதுமானதாக இருந்தும், நசுங்கல் 29-க்குத் தள்ளுகிறது.

இதே முழுக் காலிக் கணக்கை 9⅝-க்குப் போட்டால் 1.20 மட்டுக்கு 3,238 பி.எஸ்.ஐ. வரும்; 40 பவுண்ட் எல்80 தாங்குவது 3,090. அதற்காக 47 பவுண்டுக்கு ஓட வேண்டுமா? கீழே லாஸ் (மட் பாறைக்குள் ஓடிவிடுவது) வந்தாலும் மட் முழுதாகக் காலியாகாது. 2,500 மீட்டரில் சாதாரண உப்புநீர் அழுத்தம் (1.03) உள்ள மணலில் லாஸ் என்றால், 1.32 மட் சுமார் 550 மீட்டர் இறங்கி அந்த அழுத்தத்தோடு சமனாகி நின்றுவிடும். அப்போது 9⅝-இன் மேல் விழும் உச்சம் 935 பி.எஸ்.ஐ.தான். ஆக 40 பவுண்ட் போதும்.

மேலே இழுவிசையில் தொங்கும் பைப்பின் நசுங்கல் வலிமை அட்டவணை எண்ணைவிடக் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இழுவிசை?

29 பவுண்ட் × 9,843 அடி = 2,85,400 பவுண்ட், காற்றில். 1.32 மட்டில் மிதப்பு கழிந்து 2,37,500. சிக்கினால் இழுக்க ஒரு லட்சம் பவுண்ட் சேர்த்தால் 3,37,500. லாங் திரெட் கப்ளிங் போட்ட எல்80 இணைப்பு 5,87,000 தாங்கும், காரணி 1.74. வழக்கமாகக் கேட்பது 1.6 முதல் 1.8. நம் ஆழத்துக்கு இழுவிசை பெரிய கவலை இல்லை. ரிக்கின் கொக்கித் திறனைப் பாருங்கள். 130 டன்னும் சிக்கினால் இழுப்பதும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும்.

எந்த மரை?

13⅜ போன்ற மேல் கேசிங்குக்கு ஷார்ட் ரவுண்ட் திரெட் போதும், பட்ரஸ் என்றால் இன்னும் நிம்மதி. 9⅝-க்கு பட்ரஸ். பட்ரஸ் மரையில் டார்க் (முறுக்கு விசை) எண்ணை மட்டும் நம்பாமல், பைப்பில் பொறித்த முக்கோணக் குறியின் அடிப்பக்கம் வரை கப்ளிங் ஏறியதா என்று பார்க்க வேண்டும். ரவுண்டும் பட்ரஸும் கசிவைத் தடுப்பது மரை இடுக்கில் நிற்கும் கிரீஸால்தான். எரிவாயு காலப்போக்கில் அதைத் தாண்டி வரும். நம் மாதிரிக் கிணற்றில் எரிவாயு இருப்பதால், உற்பத்திக் கேசிங்குக்கு உலோகத்தோடு உலோகம் அமர்ந்து அடைக்கும் பிரீமியம் மரைக்குச் செலவு செய்யச் சொல்வோம். எண்ணெய் மட்டும் என்றால் லாங் திரெட் தாராளம்.

ஒரே ஸ்ட்ரிங்கில் (இணைத்து இறக்கும் பைப் தொடரில்) 26-உம் 29-உம் கலந்து மிச்சம் பிடிக்கலாமா?

கணக்குப்படி முடியும். நசுங்கலுக்கு 1.1 காரணி வைத்தால் 26 பவுண்ட் எல்80 சுமார் 2,600 மீட்டர் வரை தாங்கும். இழுவிசைக்குக் கழித்து 2,500 என்று வைக்கலாம். மிச்சம் 11 டன் எஃகு. ஆனால் ரேக்கில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இரவு ஷிஃப்டில் ஒரே ஒரு 26 பவுண்ட் பைப் அடிப்பகுதிக்குப் போய்விட்டால் 11 டன்னின் விலைக்குப் பல மடங்கு போகும். பத்துக் கிணறுகளுக்குச் சேர்த்து வாங்கும்போது கலக்கலாம். ஒற்றைக் கிணற்றுக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

லைனர் போடுவதா, தரை வரை முழு ஸ்ட்ரிங்கா?

லைனர் என்றால் மேல் கேசிங்குக்குள் நூறு மீட்டர் போல ஏறி, ஹேங்கரில் தொங்கும். எஃகு மிச்சம், அடியில் வளைய இடைவெளி நெருக்கமாக இருந்தாலும் மேலே தாராளம் என்பதால் பம்ப் அழுத்தமும் குறைவு. பதிலுக்கு, மேல் கேசிங்கே உற்பத்தி அழுத்தத்தையும் தாங்க வேண்டும், அது ட்ரில் பைப் உரசித் தேய்ந்திருக்கும். 9⅝-இன் சுவர் பத்து சதவீதம் தேய்ந்தால் வெடிப்பு வலிமையும் பத்து சதவீதம் போகும். நசுங்கல் அதைவிட அதிகமாகப் போகும்.

இந்தத் தேர்வு எவ்வளவு பேசப்பட்டது என்பதற்கு மெக்சிகோ வளைகுடாவின் மக்கோண்டோ கிணறு. மட் எடைக்கான சந்து அடைபட்டதால் திட்டமிட்ட ஆழத்துக்கு முன்பே, 18,360 அடியில் நிறுத்தி, லைனருக்குப் பதிலாக 9⅞ × 7 இன்ச் முழு ஸ்ட்ரிங்கை இறக்கினார்கள். 2010 ஏப்ரல் 20 அன்று கிணறு வெடித்து 11 பேர் இறந்தார்கள். பைப் அளவு தவறு என்று அதற்கு அர்த்தம் இல்லை. அடியில் போட்ட சிமெண்ட் அடைக்கவில்லை, அதைக் காட்டிய எதிர்மறை அழுத்தச் சோதனையைத் தவறாகப் படித்தார்கள். லைனர் இருந்திருந்தால் அதன் தலையில் இன்னொரு தடுப்பு கிடைத்திருக்கும் என்பதுதான் அந்த விவாதம்.

குடிநீர் அடுக்குகளுக்கு எந்தக் கேசிங் காவல்?

டெல்டாக்காரர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது, கேட்க வேண்டியதும்தான். நன்னீர் அடுக்குகள் முடிந்து இன்னும் கீழே போய் நிற்கும் சர்ஃபேஸ் கேசிங்தான் காவல், நம் கிணற்றில் 13⅜. அந்தப் பகுதியைத் துளைக்கத் தண்ணீரும் பென்டொனைட்டும் கலந்த மட் மட்டுமே இருக்க வேண்டும். டீசல் அடிப்படையிலான மட் கூடாது. சிமெண்ட் தரை வரை ஏற வேண்டும். 17½ துளையில் வளைய இடைவெளி மீட்டருக்கு 64.5 லிட்டர், 500 மீட்டருக்கு 32 கன மீட்டர், துளை பெருத்திருக்கும் என்பதால் பாதி முதல் ஒரு மடங்கு வரை கூடுதலாகக் கலக்க வேண்டும். சிமெண்ட் மேலே வரவில்லை என்றால் மெல்லிய குழாயை வெளிப்புறமாக இறக்கி மேலிருந்து நிரப்ப வேண்டும். இதை விட்டுவிட்டு உள்ளே எவ்வளவு உயர்ந்த கிரேடு பைப் போட்டாலும் குடிநீருக்குப் பயனில்லை.

ஆழ்துளைக் கிணற்றுக்கு விற்கும் எம்எஸ் பைப்பை மேல் கேசிங்காகப் போடலாமா?

கூடாது. நீர்க் கிணற்றுக் குழாய்களுக்கு ஐஎஸ் 4270 தனித் தரநிலை. அதன் கீழ் வரும் குழாய் மண் சரியாமல் காக்கத்தான். அதன் தலையில் 5,000 பி.எஸ்.ஐ. தடுப்பானைப் பொருத்திக் கிணற்றை மூட முடியாது. பழைய கேசிங்கும் அப்படியே: சுவர்த் தடிமன் முழு நீளமும் அளந்து, மரை சோதித்து, ட்ரிஃப்ட் விட்டு, நீர் அழுத்தச் சோதனை செய்த சான்றிதழ் இல்லாமல் உற்பத்திக் கேசிங்காகப் போகக் கூடாது.

எத்தனை பைப் ஆர்டர் போடுவது?

ரேஞ்ச் 3 என்ற நீள வகைப் பைப் 34 முதல் 48 அடி வரை வரும். சராசரி 12 மீட்டர் என்றால் 3,000 மீட்டருக்கு 250. ஆனால் 7 இன்ச் லாங் திரெட்டில் ஒவ்வொரு இணைப்பிலும் சுமார் 10 செ.மீ. கப்ளிங்குக்குள் போய்விடும், 250 இணைப்பில் 25 மீட்டர் காணாமல் போகும். அதற்கு மூன்று பைப், ஒதுக்கப்படுபவற்றுக்கு ஐந்து சதவீதம்; ஆக 265-ஐ ஒட்டி. ஷூவை நினைத்த ஆழத்தில் நிறுத்த 3, 5 மீட்டர் நீளமுள்ள குட்டிப் பைப்கள் மூன்று நான்கு, அதே எடையில் அதே கிரேடில். இந்தக் குட்டிப் பைப்பில்தான் கிரேடு மாறிப் போகும். தூக்கி எறிந்த ஏதோ ஒன்றை வெட்டி மரை போட்டுத் தருவார்கள்; அதற்கும் ஆலைச் சான்றிதழ் கேளுங்கள்.

சரியாகத் தேர்ந்தெடுத்த பைப், இறக்கும்போதே நசுங்கியது ஏன்?

பெரும்பாலும் நிரப்பாமல் இறக்கியதால். ஃப்ளோட் ஷூ (ஒருவழி வால்வு உள்ள அடிமுனை) வெளி மட்டை உள்ளே விடாது. மேலிருந்து நாம் ஊற்ற வேண்டும். 54.5 பவுண்ட் கே55 13⅜ நசுங்கும் அழுத்தம் 1,130 பி.எஸ்.ஐ. 1.10 மட்டில் காலியாக இறக்கினால் சுமார் 720 மீட்டரில் அது வந்துவிடும். 94 பவுண்ட் கே55 20 இன்ச் என்றால் 520 பி.எஸ்.ஐ., 330 மீட்டரிலேயே. நம் ஷூக்கள் இரண்டும் இதற்கு மேலே நிற்பதால் தப்பிக்கிறோம். அதே பைப்பை ஆழமான கிணற்றுக்கு எடுத்துப் போனால் தப்ப மாட்டோம். 9⅝ வரை ஒவ்வொரு பைப்பும் இணைந்ததும் ஹோஸால் கொஞ்சம் ஊற்றி, ஐந்து பைப்புக்கு ஒருமுறை வழியும் வரை நிரப்பிவிட்டு அடுத்ததைத் தூக்குங்கள். எடைக் காட்டியில் கணக்கைவிடக் குறைவாகத் தெரிந்தால் உள்ளே காலி இருக்கிறது, நிறுத்தி நிரப்புங்கள்.